தடிச்ச எழுத்துல என் பேரு

அந்த மவுஸைக் கையில பிடிக்கச் சொல்லாதீங்கம்மா. போட்டோவுக்குன்னாலும் வேண்டாம். ஆறு வருஷமா இந்த மேசையில அது சும்மாதான் கெடக்கு. ஃபேன் காத்துல பேப்பர் பறக்காம இருக்க மேல தூக்கி வச்சிருக்கேன், அவ்வளவுதான் அதுக்கு மரியாதை. கீபோர்டுல கை வச்ச மாதிரி எடுங்க. எடுத்தாச்சா? சரி, அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருங்க. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் அரைமணி நேரம் இருக்கு.

போன்ல நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு. 'இருளை வென்ற பெண்'னு தலைப்பு வைக்கப் போறதாச் சொன்னீங்க. நான் எந்த இருளையும் வெல்லலம்மா. நாலு வயசுல அம்மை போட்டுப் பார்வை போச்சு. இருட்டு எப்படி இருக்கும்னே எனக்கு ஞாபகம் இல்ல. நான் வென்றது ஒரு பரீட்சையை. அதுவும் மூணாவது தடவை. அதை வேணா சொல்றேன். ஆனா நான் சொல்றதை முழுசாக் கேக்கணும். போன தடவை ஒரு பத்திரிகைக்காரர் வந்தாரு, பாதி கேட்டுட்டு எந்திரிச்சுப் போயி அவரா ஒண்ணு எழுதிட்டாரு. எங்க அம்மா என்னை முதுகுல சுமந்து பள்ளிக்கூடம் போனாங்களாம். எங்க அம்மாவுக்கு அதைப் படிச்சுக் காட்டினப்போ, 'ஏண்டி, நீ பஸ்ஸுல தானடி போன?'ன்னு கேட்டாங்க.

என் பேரு சீனியம்மாள். ஊரு அருப்புக்கோட்டைப் பக்கம். இந்த ஆபீஸ்ல தட்டச்சர். இங்கிருந்து போற கடுதாசியில முக்காவாசி என் விரல் வழியாத்தான் போகுது. இந்த ஹெட்போன்ல முறத்துல பயறு உருட்டுற மாதிரி ஒரு சத்தம் கேக்குதுல்ல? அதுதான் என் கம்ப்யூட்டர் பேசுறது. ஸ்கிரீன்ல என்ன இருந்தாலும் வாசிச்சுக் காட்டுற ஒரு சாஃப்ட்வேர். நான் அடிக்கிற எழுத்து, நிக்கிற இடம், எந்தப் பட்டன் மேல இருக்கேன், எல்லாத்தையும் சொல்லிரும். வேகத்தைக் கூட்டி வச்சிருக்கேன். உங்களுக்கு வெறும் கிரிச்சு கிரிச்சுன்னு கேக்கும். எனக்கு முழு வார்த்தை.

எனக்கு எல்லாமே கீதான். ஒரு பாராவைப் பிடிக்கணுமா, கண்ட்ரோலும் ஷிஃப்டும் சேத்துக் கீழ் அம்புக்குறி. நடுவுல கொண்டுவரக் கண்ட்ரோல் இ. எழுத்தைத் தடிப்பாக்கக் கண்ட்ரோல் பி. இன்னைக்குத் தேதி வேணுமா, ஆல்ட் ஷிஃப்ட் டி, முடிஞ்சுபோச்சு. பக்கத்து சீட்டு ஆளு மவுஸைத் தேய்ச்சுத் தேய்ச்சு அந்தப் படம் எங்க இருக்குன்னு தேடி முடிக்கிறதுக்குள்ள என் கடுதாசி பிரிண்டருக்குப் போயிரும். பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன். எழுதிக்கோங்க.

இப்ப பரீட்சைக்கு வரேன். வேலையில சேந்தா ஒரு கம்ப்யூட்டர் பரீட்சை பாஸாகணும். ஆகுற வரைக்கும் வேலை நிரந்தரம் கிடையாது. எல்லாத் தட்டச்சருக்கும் உள்ளதுதான். எங்க கண்காணிப்பாளர் மங்கையர்க்கரசி மேடம், நல்ல மனுஷி, என்னைக் கூப்பிட்டு, 'சீனி, பார்வை இல்லாதவங்களுக்கு விலக்கு கேக்கலாம். ஒரு மனு எழுதிக் குடு, நான் மேல அனுப்புறேன்'னாங்க. நான் முடியாதுன்னுட்டேன். தினமும் இந்த வேலையைத்தான் பாக்குறேன், இதே வேலையில பரீட்சை வச்சா எனக்கு எதுக்கு விலக்கு? 'நொண்டிக் குதிரைக்குச் சறுக்குனது சாக்கு'ன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிரக் கூடாதுல்ல? அப்படித்தான் சொன்னேன் மேடம்கிட்ட. அந்த வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி எனக்கே உறுத்தின வார்த்தை அது.

முதல் தடவை போனேன். ஒரு காலேஜ் லேப்ல பரீட்சை. பேசுற சாஃப்ட்வேரை பென்டிரைவ்ல கொண்டு போயிருந்தேன். வெளி சாஃப்ட்வேர் எதையும் போடக் கூடாதுன்னுட்டாங்க. 'உங்களுக்குன்னு ஒரு உதவியாளர் குடுப்போம், நீங்க சொல்லச் சொல்ல அவங்க செய்வாங்க'ன்னு ஒரு அம்மாவைக் கொண்டாந்து உக்கார வச்சாங்க. அந்தக் காலேஜ் லைப்ரரியில புத்தகம் அடுக்குறவங்க. தங்கமான மனுஷி. ஆனா கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்ல. நான், 'கண்ட்ரோல் பி போடுங்கம்மா'ங்கிறேன். டக்கு டக்குன்னு ஒவ்வொரு எழுத்தாத் தட்டுறாங்க. 'என்னம்மா தட்டுறீங்க?'ன்னு கேட்டா, 'நீதானம்மா சொன்ன, சி, ஓ, என், டி... கடைசியில எல் ஒண்ணா ரெண்டா?'ன்னு கேக்குறாங்க. சிரிக்காதீங்க. எனக்கு அன்னைக்கு அழுகை வந்துச்சு. ஃபெயில்.

விட்டேனா? மனு மேல மனு போட்டேன். என் சாஃப்ட்வேரை அனுமதிக்கணும், இல்லைன்னா ஏன் முடியாதுன்னு எழுதிக் குடுக்கணும். பதினோரு மாசம் கழிச்சு அனுமதி வந்துச்சு. ரெண்டாவது தடவை போனா, சாஃப்ட்வேர் இருக்கு, ஹெட்போன் போடக் கூடாதாம். காதுல யாராவது விடை சொல்லிருவாங்களாம். ஸ்பீக்கர்ல போட்டா மத்தவங்களுக்குத் தொந்தரவாம். கடைசியில என்னை மட்டும் ஜெனரேட்டர் ரூமுக்குப் பக்கத்துல ஒரு அறையில போட்டாங்க. அந்த நேரம் பாத்துக் கரண்ட்டும் போச்சு, ஜெனரேட்டர் உறுமுற உறுமல்ல கம்ப்யூட்டர் பேசுறது எனக்கே கேக்கல. அதையும் சமாளிச்சேன்.

எழுத்துத் தாள்லதான் வந்துச்சு வினை. 'கீழ்க்காணும் படங்கள் எந்தக் கட்டளைகளைக் குறிக்கின்றன?' டூல்பார்ல, அதான் ஸ்கிரீன் மேல இருக்குற பட்டன் வரிசையில, உள்ள படம் அஞ்சு. தாளை வாசிச்சுக் காட்டுறதுக்குன்னு வந்த சாருகிட்ட, 'படம் என்னன்னு சொல்லுங்க சார், விடையை நான் சொல்றேன்'னேன். அவரு யோசிச்சாரு. 'படம் என்னன்னு சொன்னா விடையைச் சொன்ன மாதிரி ஆயிருமேம்மா'ன்னாரு. 'அப்ப படத்தைத் தடவியா பாக்குறது சார்?'னு கேட்டேன். அவரு அடுத்த கேள்வியை வாசிக்க ஆரம்பிச்சுட்டாரு. பின்னால தெரிஞ்சுச்சு, அதுல முதல் படம் ஃபிளாப்பின்னு, சேமிக்கிற பட்டனுக்கு அந்தப் படம்தானாம். நான் கம்ப்யூட்டர் படிச்ச காலத்துல தினமும் அதைக் கையில வச்சுக்கிட்டு அலைஞ்சவம்மா. அந்த இரும்புத் தகடை நகத்தால இழுத்து இழுத்து விடுவேன், டிக்கு டிக்குன்னு அடிக்கும். அன்னைக்கு அந்த ஹால்ல எழுதின முக்காவாசிப் பேரு ஃபிளாப்பியைக் கண்ணால பாத்திருக்க மாட்டாங்க. அவங்க பாஸு. நான் நாலு மார்க்குல ஃபெயிலு. டூல்பாரைப் பயன்படுத்தச் சொன்ன கேள்விக்குக் கீயைப் பயன்படுத்தினேன்னு அதுக்கும் மார்க் குடுக்கல. கடுதாசி சரியா வந்திருக்கு, வந்த வழி தப்பாம்.

மேடம் மறுபடியும் விலக்கு மனுவை நீட்டுனாங்க. கையால வாங்கல நான். மறுபடியும் மனு: படக் கேள்விக்குப் பதிலா வேற கேள்வி குடு. குடுத்தாங்க. குடுக்க வச்சேன்.

மூணாவது தடவை. இதைத்தான் நீங்க கேக்க வந்தது, நல்லாக் கேளுங்க. தேர்வாளர் வெளி மாவட்டத்துக்காரர். கரகரன்னு குரல், பக்கத்துல வந்தா மூக்குப்பொடி வாசம். நேரா என் முதுகுக்குப் பின்னால வந்து நின்னுக்கிட்டாரு. செய்முறைக் கேள்வி: கடிதத்தோட தலைப்பை டூல்பாரைப் பயன்படுத்தித் தடித்த எழுத்தாக்கி, அடிக்கோடிட்டு, நடுவில் அமைக்கணும். நான் கீபோர்டுல கை வச்சதுமே, 'மவுஸை எடும்மா'ன்னாரு.

'எனக்கு மவுஸ் வேண்டாம் சார்.'

'டூல்பார்னு கேட்டிருக்குல்ல. மவுஸ் இல்லாம எப்படி டூல்பாருக்குப் போவ? மார்க் போட முடியாது, முன்னாடியே சொல்லிட்டேன்.'

'சார், கேள்வித்தாளை இன்னொரு தடவை படிங்க. டூல்பாரைப் பயன்படுத்தின்னு இருக்கா, மவுஸைப் பயன்படுத்தின்னு இருக்கா?'

அவரு பேப்பரைத் திருப்புற சத்தம் கேட்டுச்சு. 'டூல்பாரைன்னுதான் இருக்கு'ன்னு இழுத்தாரு. அந்தத் தடவை ஹெட்போன் அனுமதிச்சிருந்தாங்க. நான் அதைப் பிடுங்கிட்டேன். எல்லாரும் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல போட்டேன். அந்த லேப்ல கடுதாசி அடிக்கிற சாஃப்ட்வேர் பழசு. ஆல்ட் தட்டினேன், மெனுவுக்குப் போச்சு. கண்ட்ரோல் டேப் தட்டினேன், டூல்பாருக்குள்ள போயாச்சு. இன்னொரு தட்டு, அடுத்த டூல்பார். அப்புறம் அம்புக்குறி. ஒவ்வொரு பட்டனாப் பேரு சொல்லிக்கிட்டே வருது: 'ஃபாண்ட்... சைஸ்... போல்ட் பட்டன்.' என்டர். மறுபடி போயி, 'அண்டர்லைன் பட்டன்.' என்டர். 'சென்டர் பட்டன்.' என்டர்.

தேர்வாளர் குனிஞ்சு ஸ்கிரீனைப் பாக்குறாரு, மூக்குப்பொடி வாசம் என் தோளுக்கு வந்துருச்சு. 'இருபது வருஷமா இந்தப் பரீட்சைக்கு வரேன். கீபோர்டு வழியா டூல்பாருக்குள்ள போகலாம்னு எனக்கே தெரியாதேம்மா. இன்னொரு தடவை செஞ்சு காட்டு'ன்னாரு. காட்டினேன். எழுபத்தோரு மார்க். அதையும் போட்டுக்கோங்க, எழுபத்தொண்ணு.

இந்த இடத்துலதான் அந்தப் பத்திரிகைக்காரர் எந்திரிச்சுப் போனாரு. நீங்க உக்காருங்கம்மா.

ஆபீஸ்ல எனக்குச் சால்வை போட்டாங்க. இணை இயக்குநர் மைக் பிடிச்சு, 'மனம் இருந்தால் போதும் என்பதற்கு நம் சீனியம்மாளே சாட்சி'ன்னு பேசினாரு. நான் சாட்சியா நின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு.

எங்க ஆபீஸ்ல பரமகுருன்னு ஒரு டிரைவர். பரமகுரு அண்ணாச்சி. பத்தொன்பது வருஷம் இந்த ஆபீஸ் ஜீப்பை ஓட்டினவரு. என் முதல் பரீட்சைக்கு என்னைக் கொண்டு போயி விட்டு, வெளிய வெயில்ல காத்துக் கெடந்து கூட்டியாந்ததும் அவருதான். சர்க்கரை அதிகமாகி ரெண்டு கண்ணும் போச்சு அவருக்கு, நாப்பத்தேழு வயசுல. வேலையை விட்டு அனுப்பக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அதனால டிரைவர் வேலையை எடுத்துட்டு இளநிலை உதவியாளர்னு ஒரு பேரு குடுத்தாங்க. அந்தப் பேரோட அந்தப் பரீட்சையும் வந்துச்சு. அது பாஸாகாம நிரந்தரமா எந்தப் பிரிவுலயும் போட மாட்டாங்க. பழைய ஃபைல் கெடக்குற ரூம்ல ஒரு நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க. வேலை எதுவும் கிடையாது. காலையில வருவாரு, உக்காருவாரு, சாயங்காலம் அவரு சம்சாரம் வந்து கூட்டிட்டுப் போகும்.

அவரு விலக்கு கேட்டு மனு போட்டாரு. அதுக்குப் பதில் கடுதாசி அடிக்க எங்கிட்டதான் வந்துச்சு. மேடம் சொல்லச் சொல்ல நான் அடிச்சேன். வரி இன்னும் மனப்பாடமா இருக்கு: 'இவ்வலுவலகத்தில் பணிபுரியும் முற்றிலும் பார்வையற்ற தட்டச்சர் செல்வி சீனியம்மாள் மேற்படி தேர்வில் தேர்ச்சி பெற்றுள்ளதைக் கருத்திற்கொண்டு, மனுதாரரின் விலக்குக் கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல.'

அடிச்சு முடிச்சுட்டு என் பேருக்குக் கண்ட்ரோல் பி போட்டேம்மா. யாரும் போடச் சொல்லல. நானாத்தான் போட்டேன். தடிச்ச எழுத்துல என் பேரு இருக்கட்டும்னு.

மறுநாள் அண்ணாச்சி செவுத்தைத் தடவிக்கிட்டே என் சீட்டுக்கு வந்தாரு. 'தங்கச்சி, உன் பேரைக் காட்டித்தான் எனக்கு இல்லைன்னுட்டாங்க. உன் கதை வேற, என் கதை வேறன்னு நீ ஒரு வரி எழுதிக் குடுத்தா மேல யோசிப்பாங்க'ன்னாரு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'விலக்குங்கிறது பிச்சை அண்ணாச்சி. கத்துக்கிடுங்க. நான் கத்துக்கிடலயா?'

கெட்ட எண்ணத்துல சொல்லலம்மா. நெசமா நம்பித்தான் சொன்னேன். நானே கீபோர்டும் எடுத்துக் குடுத்தேன். தினமும் இந்தச் சாப்பாட்டு நேரத்துல இருபது நிமிஷம், இதோ நீங்க உக்காந்திருக்கீங்களே, அங்கதான் உக்காருவாரு. கீபோர்டுல எஃப்லயும் ஜேலயும் கோடு மாதிரி ஒரு சின்ன மேடு இருக்கும். கண்ணு தெரியாதவங்களுக்கு அதுதான் ஆதாரம். அதைக் கண்டுபிடிச்சாத்தான் மத்த விரல் எங்க நிக்கணும்னு தெரியும். 'மேடு தட்டுப்படுதா?'ம்பேன். 'தட்டுப்படல தங்கச்சி'ம்பாரு. 'நல்லாத் தடவிப் பாருங்க.' 'தட்டுப்படல.' ஒரு வாரம் இல்ல, ஒரு மாசம் இல்ல. எட்டு மாசம். அவரு ஒண்ணு தட்ட, கம்ப்யூட்டர் ஒண்ணு சொல்லும். பக்கத்து சீட்டுல சிரிப்பாங்க. எனக்கு அவமானமா இருக்கும். அவருக்காக இல்ல, எனக்காக. பரீட்சையும் ஒண்ணு வந்து போச்சு. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டாரு.

ஒரு நாள் பொறுக்க மாட்டாம கத்திட்டேன். 'கடுகத்தனை மேட்டைத் தடவிக் கண்டுபிடிக்க முடியலைன்னா, உங்களுக்கு மனசு இல்லைன்னுதான் அர்த்தம். உங்களுக்குச் சறுக்குறது சாக்கு'ன்னுட்டேன். சொல்லிட்டு அவரு ஆள்காட்டி விரலைப் பிடிச்சு அந்த மேடு மேல வச்சு அழுத்தினேன். விரல் நுனியில தோல் உரிஞ்சு பிசுபிசுன்னு இருந்துச்சு. கொப்புளம். ஒண்ணு இல்ல, மூணு விரல்ல.

'என்ன அண்ணாச்சி இது?'

'என்னது?'

'விரல்ல புண்ணு.'

'புண்ணா இருக்கு?'ன்னு கேட்டாரும்மா. அவருக்கே தெரியல. அப்புறம், 'காலையில டீ கிளாஸைப் பிடிச்சேன், அதுவா இருக்கும். இப்பெல்லாம் விரல்ல சூடு தெரியுறதில்ல தங்கச்சி. சர்க்கரை கண்ணோட நிக்கல'ன்னாரு.

எட்டு மாசம் தட்டுப்படலைன்னு சொன்ன மனுஷன், நெசத்தைத்தான் சொல்லியிருக்காரு. எனக்கு விரல்தான் கண்ணு. அந்த விரலும் மரத்துப்போன மனுஷனைப் பாத்து, மனசு இல்லைன்னு சொல்லியிருக்கேன்.

அன்னைக்குச் சாப்பிடல. சாப்பாட்டு நேரம் முடியுறதுக்குள்ள ரெண்டு பக்கத்துக்கு ஒரு கடுதாசி அடிச்சேன். நான் பதினாறு வயதிலிருந்தே கீபோர்டைத் தொட்டவள். அவர் நாற்பத்தேழு வயதில் பார்வையும், அதோடு விரல் உணர்வும் இழந்தவர். என் தேர்ச்சியை அவருக்கு அளவுகோலாக வைத்தது தவறு. அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் என்ற முறையில் அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. அவருக்கு விலக்கும் வேண்டும், விரல் தேவைப்படாத வேலையும் வேண்டும். இப்படி. எடுத்துக்கிட்டு நேரா இணை இயக்குநர் ரூமுக்குப் போனேன். மேடம் பின்னாலயே ஓடி வந்து, 'சீனி, முறையா என் வழியாத்தான் போகணும்'னாங்க. 'முறையாப் போனதுதான் மேடம் அந்த முதல் கடுதாசி'ன்னேன்.

இணை இயக்குநர் படிச்சுட்டு, 'உங்க சாதனையை நீங்களே குறைச்சுக்கிறீங்களேம்மா'ன்னாரு.

'குறைஞ்சாக் குறையட்டும் சார். என் பேரை வச்சு இன்னொருத்தர் வாயை அடைக்க நான் அந்தப் பரீட்சை எழுதல. நீங்க மாத்தலைன்னா இதே கடுதாசியை மேல அனுப்புவேன். எனக்கு மனு எழுதிப் பழக்கம், உங்களுக்கே தெரியும்.'

அவரு கடுதாசியை மறுபடி ஒரு தடவை புரட்டினாரு. அப்புறம் மேடத்தைப் பாத்து, 'மருத்துவச் சான்று வாங்கிச் சேத்து, மறுபரிந்துரை போடுங்க'ன்னாரு. டாக்டர் சான்று, மறுபரிந்துரை, எல்லாம் நான்தான் அடிச்சேன். ஆறு வாரத்துல உத்தரவு வந்துச்சு. அண்ணாச்சிக்கு விலக்கு. முன் வாசல்ல விசாரணைப் பிரிவுல இடம். பத்தொன்பது வருஷம் மாவட்டம் பூரா ஜீப் ஓட்டினவரு, எந்த ஊரு எந்தப் பிரிவு, எந்த ஆபீஸர் எங்கன்னு அவருக்குத் தெரியாததா? நீங்க உள்ள வரும்போது வழி சொன்னாருல்ல ஒருத்தர், அவருதான்.

உத்தரவை நான்தான் அவருக்கு வாசிச்சுக் காட்டினேன். சந்தோஷப்படுவாரு, நல்லதா நாலு வார்த்தை சொல்லுவாருன்னு நெனைச்சேன். உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, எதிர்பாத்தேன். அவரு தாளை வாங்கி நாலா மடிச்சுச் சட்டைப் பையில வச்சாரு. எந்திரிச்சாரு. நிலைப்படி வரைக்கும் போயி நின்னு, 'அன்னைக்கு நான் கேட்டப்பவே எழுதியிருக்கலாமே தங்கச்சி. எட்டு மாசம் எல்லாரும் சிரிக்க உன் முன்னால உக்காந்திருந்தேன்'னாரு.

எத்தனையோ பேருக்கு வாய் அடைக்கப் பதில் சொன்னவ நான். அவருக்கு இன்னைக்கு வரைக்கும் சொல்லல. எதிர்ல வந்தா, 'வாம்மா'ம்பாரு, போவாரு. தங்கச்சின்னு கூப்பிடுறதில்ல.

மணி அடிச்சிருச்சு, நான் சீட்டுல உக்காரணும். எழுபத்தோரு மார்க்கைப் போடுங்க, தேர்வாளரை நான் மடக்கினதைப் போடுங்க, அதெல்லாம் நெசம்தான். ஆனா பரமகுரு அண்ணாச்சி கேட்டதையும் அவரு கேட்ட மாதிரியே போடணும். அதுக்கு இடம் இல்லைன்னு உங்க ஆபீஸ்ல சொன்னா, என்னைப் பத்தி ஒரு வரிகூட வரக் கூடாது. அப்படி வந்துச்சுன்னா அதுக்கும் மனு போடுவேம்மா, சொல்லிட்டேன்.